எட்டாவது வள்ளல்

கடையெழு வள்ளல்களில் இருவர் நமக்குப் பக்கத்துக்காரர்கள். வடக்கே தகடூரை ஆண்ட அதியமான். தென்கிழக்கே கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி. அதியமான் கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான். ஓரி பாணர் கூட்டத்துக்குப் பொன்னும் யானையும் கொடுத்தான். இந்த இரண்டு வள்ளல்களின் நாட்டுக்கும் நடுவில் கிடக்கிறது ஜலகண்டாபுரம். தறிச் சத்தம் ஓயாத ஊர். சுற்றிலும் கடலைக் காடு, சோளக் காடு, மரவள்ளிக் காடு. இந்த மண்ணில் எட்டாவதாக ஒரு வள்ளல் பிறந்திருக்கிறார். டிராக்டரின் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு, தாரமங்கலம் சாலையிலும் எடப்பாடி சாலையிலும் மேச்சேரி சாலையிலும் தினமும் போய் வருகிறார்.

அண்ணா, உங்களைத்தான் சொல்கிறேன். உங்கள் கொடையை இதுவரை யாரும் எழுதவில்லை.

வள்ளல் என்றதும் ஊதாரி என்று நினைத்துவிடக் கூடாது. உங்களைப்போல் கணக்குப் பார்ப்பவர் எங்கள் தெருவில் இல்லை. 2017 ஜூன் 16 முதல் டீசல் விலை தினமும் மாறலாம் என்று ஆனதே, அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் விலையும் உங்கள் நாக்கு நுனியில் இருக்கிறது. இந்த பங்க்கில் என்ன விலை, அடுத்த பங்க்கில் எத்தனை பைசா குறைவு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வீர்கள். கேனில் வாங்கிவந்த டீசலை டேங்கில் ஊற்றிய பிறகு, கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துக் கடைசிச் சொட்டு விழும்வரை நிற்பதை எத்தனையோ காலைகளில் பார்த்திருக்கிறேன். பம்புக்குப் போகும் குழாயில் ஒரு கசிவு இருக்கிறது. இரவில் வண்டியை நிறுத்தினால் அதன் அடியில் ஒரு தகர டப்பாவை வைப்பீர்கள். காலையில் அந்த டப்பாவில் இருப்பதைத் துணியில் வடிகட்டித் திரும்ப டேங்கில் ஊற்றுவீர்கள். ஒரு சொட்டும் வீணாகாது.

பகலில் வண்டி ஓடும்போது அந்தக் கசிவு சாலைக்கு. அதற்கு டப்பா கிடையாது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி என்று வைத்தாலும் நான்கு லிட்டருக்கு மேல். எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். ஒரு வாஷரும் அரைமணி நேர வேலையும் போதும், அந்தத் தானம் நின்றுபோகும். நீங்கள் நிறுத்தவில்லை. கொடுத்துப் பழகிய கை.

பாரி ஒரு தேரைக் கொடுத்தான், ஒரே ஒரு முல்லைக்கு. நீங்கள் கொடுப்பது மண்ணுக்கு, தினமும். டிரெய்லர் டயரில் காற்று எத்தனை பவுண்டு இருக்கிறது என்று போன பொங்கலுக்குப் பார்த்தது. அடிப்பக்கம் தட்டையாகத் தரையில் படர்ந்து நிற்கிறது. அப்படிப்பட்ட டயர் உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் நசுங்கி விரிகிறது. நசுக்குவதற்கு ஆன உழைப்பு சூடாக மாறிப் போகிறது. ஐந்து கிலோமீட்டர் ஓடிய பிறகு டயரைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அந்தச் சூடு வெயிலால் வந்தது என்று சொல்கிறீர்கள். அதில் உங்கள் டீசலும் இருக்கிறது.

இழுவையின் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். உங்கள் கொடையின் அளவு அப்போதுதான் தெரியும். டிராக்டர் இரண்டு டன், வெறும் டிரெய்லர் இரண்டு டன், மரவள்ளிக் கிழங்கு ஆறு டன். மொத்தம் பத்து டன் என்று வைப்போம். நல்ல தார்ச்சாலையில், டயரில் சரியான காற்றோடு, இதைச் சமதளத்தில் உருட்ட ஏறக்குறைய 150 கிலோ இழுவை போதும். மண் தடத்தில் அதே வண்டிக்கு 500 கிலோ வேண்டும். உழுத காட்டின் பொலபொலத்த மண்ணில் ஆயிரத்தைத் தாண்டும். அங்கே பின் சக்கரம் வழுக்கிச் சுற்றினால், சுற்றும் சுற்றில் ஐந்தில் ஒன்று வழுக்கல் என்றால், டீசலில் ஐந்தில் ஒன்று மண்ணைக் கிளறப் போனது. அடுத்தது மேடு. 20 அடிக்கு ஒரு அடி உயரும் ஏற்றத்தில் அந்தப் பத்து டன் கூடுதலாக 500 கிலோ இழுவை கேட்கும். நூறு மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிட்டால், என்ஜினில் வீணாகும் சூட்டையும் சேர்த்து, ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் அந்த உயரத்துக்கே ஆகிவிடும். அதை யாராலும் மிச்சம் பிடிக்க முடியாது. மேடு மேடுதான்.

ஆனால் வேகத்தடை மேடு இல்லையே அண்ணா. பத்து டன்னை முப்பது கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 40 மில்லி டீசல் ஆகிறது. வேகத்தடை நூறு அடி தூரத்தில் தெரிகிறது. கிட்டப் போகும்வரை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க மாட்டீர்கள். கடைசியில் பிரேக்கை அழுத்தி நிற்கவைத்து, மறுபடியும் முதலிலிருந்து. 25 இடத்தில் இப்படி நின்று கிளம்பினால் ஒரு லிட்டர். அந்த ஒரு லிட்டரின் உழைப்பு பிரேக் லைனிங்கில் சூடாகிப் போகிறது. சாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்ததும் முன்கூட்டியே காலை எடுக்கிறீர்கள், அதையும் பார்த்திருக்கிறேன். உங்களுக்குத் தெரியாத வித்தை இல்லை அது.

உங்கள் திறமையைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். நான்கு சக்கர டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளி, இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு, குறுகிய சந்துக்குள் கொண்டுபோய் நிறுத்துவீர்களே, அதற்கு ஈடான கைத்திறனை நான் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை. நினைத்த பக்கம் லேசில் திரும்பாத வண்டியை, கண்ணாடி இல்லாமல், கழுத்தைத் திருப்பிக்கொண்டே ஓட்டுகிற அந்த நிதானம் படித்து வருவதில்லை.

அந்தத் திறமையால்தான் ஆறு டன் ஏற்ற வேண்டிய டிரெய்லரில் எட்டு டன் ஏற்ற முடிகிறது. மேலே பலகை கட்டி உயர்த்தி, அதற்கு மேல் சாக்கைச் சுற்றி, அதற்கும் மேல் கிழங்கு. "ரெண்டு நடையை ஒரே நடையில முடிச்சேன்" என்று டீக்கடையில் சொன்னபோது உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷம் நியாயமானது. ஒரு டன்னுக்கு இத்தனை டீசல் என்று கணக்குப் போட்டால் சமதளத்தில் அதிக பாரம் லாபம்தான். வெறும் டிரெய்லரைத் திரும்ப இழுத்துவரும் செலவு மிச்சமாகிறதே. இதை மறுப்பவர் வண்டி ஓட்டாதவர்.

மிச்சமானது எங்கே போயிற்று என்று மட்டும் பார்ப்போம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், 1958 முதல் 1960 வரை, புதிதாகச் சாலைகள் போட்டு, அவற்றின்மேல் பாரம் ஏற்றிய வண்டிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சோதித்தார்கள். சாலைப் பொறியாளர்கள் இன்றும் அந்தச் சோதனையிலிருந்து வந்த கணக்கைச் சொல்கிறார்கள். ஓர் அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால், சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு. பாரத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினாலே சேதம் இரண்டு மடங்கு. நம் ஊர்ச் சாலை தேசிய நெடுஞ்சாலையைப்போலக் கனத்த அடித்தளம் போட்டது இல்லை. காட்டுக்குப் போகும் பஞ்சாயத்துச் சாலை அதைவிட மெல்லியது. ஒரு மழைக்காலம், ஒரு கிழங்கு அறுவடை. தார் பெயர்ந்து ஜல்லி மேலே வந்துவிடுகிறது.

அப்புறம் அந்தச் சாலையில் 150 கிலோ இழுவை போதாது. 300 கேட்கிறது, 400 கேட்கிறது. குழிக்குக் குழி நின்று கிளம்பவேண்டியிருக்கிறது. ஒரே நடையில் மிச்சம் பிடித்த டீசலை அடுத்த இரண்டு வருடமும் அந்தச் சாலை உங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது. உங்களிடம் மட்டும் வாங்கினால் உங்கள் கொடை, உங்கள் இஷ்டம். பால்காரரின் வண்டியிடமும், பாவு ஏற்றிக்கொண்டு டி.வி.எஸ். 50-இல் போகிற தறிக்காரரிடமும், பிரசவ வலியில் துடிப்பவரை ஏற்றிப்போகும் ஆம்புலன்ஸிடமும் வாங்குகிறது. சொந்த ஊர்க்காரர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததாக எந்த வள்ளலையும் பாடி நான் கேட்டதில்லை. இதில் நீங்கள் அதியமானையும் ஓரியையும் தாண்டிவிட்டீர்கள்.

அரசாங்கத்துக்கும் உங்களால் வரவு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், அதோடு கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். டீசலாக மாற்றினால் இருநூறு லிட்டருக்கும் மேல். அதே சட்டத்தில் டிரெய்லரும் தனி மோட்டார் வாகனம். பதிவும் காப்பீடும் அதற்கும் வேண்டும். டிராக்டருக்கு மட்டும் கட்டிவிட்டு, பின்னால் வருவதை வாலைப்போல நினைத்திருக்கிறீர்கள். அடிபட்டவர் வீட்டார் நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் அது வால் இல்லை என்று தெரியவரும்.

கிழங்கு ஆலை வாசலில் நீங்கள் காட்டும் பொறுமையைச் சொல்கிறேன். வரிசையில் முன்னால் பன்னிரண்டு வண்டி. மரவள்ளியைப் பிடுங்கியபின் வைத்திருக்க முடியாது. நேரம் ஆக ஆக மாவுச்சத்து குறையும். ஆலையில் விலை போடுவதே மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான். அந்தக் கவலையிலும் நீங்கள் அமைதியாக வண்டியடியில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறீர்கள். என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அணைத்தால் செல்ஃப் எடுக்காது, பேட்டரி போய் ஆறு மாதமாகிறது. சும்மா நிற்கும் டிராக்டர் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். மூன்று மணி நேரம் மூன்று லிட்டர். கிழங்கு நாட்கள் முழுவதும் இப்படிப் போனதைக் கூட்டிப் பார்த்தால் ஒரு புது பேட்டரி வந்திருக்கும். பேட்டரி விலையைக் கேட்டுவிட்டு "அநியாயம்" என்று திரும்பி வந்தவரும் நீங்கள்தான்.

சைலன்சரிலிருந்து கரும்புகை வந்தால் வண்டி முறுக்காக இழுக்கிறது என்று பெருமையாகச் சொல்வீர்கள். கறுப்பு என்பது எரியாமல் போன டீசலின் கரி. ஏர் பில்டரில் தூசி அடைத்தாலும், நோசில் தேய்ந்தாலும், மூன்றாம் கியரில் இழுக்க வேண்டிய மேட்டை நான்காம் கியரில் திணறத் திணற ஏற்றினாலும் வரும். காசு கொடுத்து வாங்கியதை எரிக்காமலே வானத்துக்கு அனுப்புகிறீர்கள். அந்தப் புகை முதலில் போய்ச் சேருவது பின்னால் சைக்கிளில் வருபவரின் நெஞ்சுக்குள்.

உங்கள் மகனும் உங்களைப்போலவே வளர்ந்திருக்கிறார். பிக்கப் வாங்கியிருக்கிறார். 2005-இல் குட்டி யானை வந்தபோது, இரண்டு சிலிண்டர் வைத்த அந்தச் சின்ன வண்டி முக்கால் டன்னை எடுத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்ததைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள் நாம். இன்று உங்கள் மகன் அதைவிடப் பெரிய பிக்கப்பின் பின்னால் கான்கிரீட் கலக்கும் மில்லர் மிஷினை மாட்டி, மேலே சாரக் கம்பும் தகரமும் அடுக்கி, எழுபதில் பறக்கிறார். டிராக்டரின் வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. எழுபதில் அதுவே ஒரு பெரிய பாரம். ஐம்பதிலிருந்து எழுபதுக்குப் போனால் காற்றின் தடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொல்லிப் பல வருடமாக விளம்பரம் செய்வது இதனால்தான். மில்லர் மிஷினின் சின்னச் சக்கரம் சைட்டில் நாலு அடி நகர்த்துவதற்காகப் போட்டது. எழுபதில் அது துள்ளுகிறது. அதைப் பிடித்திருப்பது ஒரு பின்னும் ஒரு கயிறும். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். உங்கள் மகன் காற்றுக்கு டீசல் கொடுக்கிறார். அந்தப் பின் ஒருநாள் கழன்றால், எதிரில் வருபவருக்கு அந்த மிஷினையே கொடுத்துவிடுவார்.

இனி உங்கள் சிக்கனத்தின் உச்சம். இறக்கத்தில் நியூட்ரல்.

இதை நீங்கள் யாரிடம் கற்றீர்கள் என்று எனக்குத் தெரியும். லாரிக்காரர்களிடம். நாமக்கல் லாரியும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியும் போகாத மாநிலம் இல்லை. அந்த ஓட்டுநர்கள் சொன்னால் அது நமக்கு வேதம். இறக்கம் வந்ததும் கியரை எடுத்துவிட்டால் வண்டி தன்னால் போகும், டீசல் மிச்சம் என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். தொப்பூர் கணவாயில் அந்தப் பாடத்தை நடத்திக் காட்டினார்கள். பாரம் ஏற்றிய லாரி இறக்கத்தில் நியூட்ரலில் வந்து, பிரேக் சூடேறிப் பிடிக்காமல், முன்னால் போன கார்கள்மேல் ஏறிய செய்தியை நாம் ஒரு தடவையா படித்தோம்? காவல்துறை அங்கே நியூட்ரலில் வராதீர்கள் என்று எச்சரித்துவருகிறது.

அதில் மிச்சமாவது எவ்வளவு? கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. சுழற்சி அதிகமாக இருப்பதால் பம்பின் கவர்னர் டீசலை அடைத்துவிடும். என்ஜின் ஒரு சொட்டும் குடிக்காமல் சுற்றிக்கொண்டே வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும். நியூட்ரலுக்குப் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்கத் தனக்கென்று டீசல் கேட்கும். எட்டு கிலோமீட்டர் இறக்கத்தை முப்பதில் இறங்கினால் பதினாறு நிமிடம். சும்மா ஓடும் டிராக்டர் என்ஜினுக்குக் கால் லிட்டர். செங்குத்தான இறக்கத்தில் கியரில் வந்திருந்தால் அந்தக் கால் லிட்டரும் மிச்சம். இருபத்தைந்து ரூபாய்கூட ஆகாத டீசலைச் செலவழித்து, மிச்சம் பிடித்ததாக நினைத்து, பின்னாலிருந்து பிடிக்கும் கையையும் வெட்டிவிடுகிறீர்கள்.

லாரிக்காவது எல்லாச் சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. உங்கள் டிரெய்லரில் இல்லை. பத்து டன்னை நிறுத்தும் வேலை டிராக்டரின் இரண்டு பின் சக்கரத்துக்கு. இறக்கத்தில் அழுத்தினால் டிராக்டர் நிற்கப் பார்க்கும், டிரெய்லர் நிற்காது. பின்னாலிருந்து முட்டித் தள்ளி, கொக்கி இருக்குமிடத்தில் மடித்து, டிராக்டரைப் பக்கவாட்டில் புரட்டிவிடும். மட்கார்டில் உட்கார்ந்திருக்கும் கூலிப் பெண்கள் அந்த நேரத்தில் எங்கே போவார்கள்?

இரவில் டிரெய்லரின் பின்னால் விளக்கு எரிவதில்லை. வயர் அறுந்து வருடமாகிறது. இருக்கும் பேட்டரிக்கு அது பாரம் என்றீர்கள். ஷிப்ட் முடிந்து ராத்திரியில் தறிக்காரர்கள் டி.வி.எஸ். 50-இல் வீடு திரும்பும் சாலை அது. எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும்போது, முன்னால் மணிக்குப் பதினைந்தில் நகரும் இருட்டுச் சுவர் தெரியாது. அவர் முட்டினாலும் உங்கள் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. டீசலும் கூடுதலாக ஆகாது.

இதுவரை சொன்ன கொடைகளை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். அந்தத் தறிக்காரரின் உயிர் உங்களுடையது அல்ல அண்ணா. அதை எடுத்துக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

இன்றைக்கு சாயங்காலம் வண்டியை எடுப்பதற்கு முன்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒரு சுருள் வாங்கி, டிரெய்லரின் பின்பலகையில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒட்டிவிடுங்கள். பஞ்சர் கடையில் நிறுத்தி எல்லா டயருக்கும் காற்றுப் பாருங்கள். மேட்டில் எந்த கியரில் திணறாமல் ஏற முடியுமோ அதே கியரில் இறங்குங்கள். டப்பா வைத்த இடத்தில் ஒரு வாஷர் போடுங்கள். நாளைக் காலை கேனைக் கவிழ்த்துப் பிடிக்கும்போது நான் பக்கத்தில் வந்து நிற்கிறேன்.